காருக்கு விலை உயர்ந்த பிரேக் பேட் தேவையா? புதுச்சேரி ஓட்டத்துக்கு ஒரு செலவுக் கணக்கு



"சார், முன்னாடி பேட் தேஞ்சிடுச்சு. சாதா பேட் வேணாம், செராமிக் போட்டுடலாம். பிரேக் கப்புனு பிடிக்கும்." சர்வீஸுக்கு வண்டி விடுற எல்லாருமே இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. பிரேக்னு சொன்னதும் நமக்குள்ள ஒரு பயம் வரும். அந்தப் பயத்துல, "எது நல்லதோ அதையே போடுங்க"ன்னு தலையாட்டிடுவோம். உயிர் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது, சரிதான். ஆனா நாம கூடுதலா கொடுக்குற காசு பாதுகாப்பா மாறுதா, இல்ல வெறும் பில்லா மட்டும் மாறுதா? இதைத்தான் இந்தப் பதிவுல கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம்.

பேட் என்ன வேலை செய்யுது?

ஓடுற வண்டியோட வேகத்தை வெப்பமா மாத்துறதுதான் பிரேக்கோட வேலை. 1,100 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார் 80 கி.மீ. வேகத்துல போகும்போது அதுல சுமார் 270 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். 40 கி.மீ. வேகத்துல அது கால்வாசிதான், அதாவது 68 கிலோஜூல். வேகம் பாதியானா பிரேக்குக்கு வேலை நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடும்.

இப்போ நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. மறைமலை அடிகள் சாலையிலயும் ராஜீவ் காந்தி சிலை சிக்னல்லயும் 40-ஐத் தாண்டுறதே பெரிய விஷயம். ஊரும் தட்டையான ஊர். அடிக்கடி பிரேக் பிடிப்போம், ஆனா பேட் பெருசா சூடாகாது.

அதே கார்ல குடும்பத்தோட ஏற்காடு போயிட்டு இறங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. சுமார் 1,000 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்துல வெளியேற வேண்டிய ஆற்றல், 80 கி.மீ. வேகத்துல இருந்து 40 தடவை வண்டியை முழுசா நிறுத்துறதுக்குச் சமம். எஞ்சின் பிரேக்கிங் இல்லாம, பெடலையே மிதிச்சுக்கிட்டு இறங்கினா அந்தச் சூடு அத்தனையும் பேடும் டிஸ்க்கும்தான் தாங்கணும். அளவுக்கு மேல சூடானா பேடோட பிடிப்பு குறையும். இதைத்தான் 'பிரேக் ஃபேட்'னு சொல்றாங்க.

விலை உயர்ந்த பேட் உண்மையில உதவுறது இந்த மாதிரி இடத்துலதான். டவுன்ல ஒரே ஒரு தடவை அவசரமா மிதிக்கிறப்போ வண்டி எங்க நிக்கும்னு முடிவு பண்றது பெரும்பாலும் டயர்தான். நல்ல நிலையில இருக்குற சாதா பேடே டயரோட பிடிப்பு எல்லை வரைக்கும் கொண்டு போயிடும். அதுக்கு மேல ஏ.பி.எஸ். வேலை செய்ய ஆரம்பிச்சிடும். டயரே வழுக்கும்போது பேட் இன்னும் பலமா பிடிச்சு என்ன பயன்?

வகைகள் மூணு

1. ஆர்கானிக்: பெரும்பாலும் உலோகம் அல்லாத நார்கள், ரெசின் கலந்தது. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. கடுமையான சூட்டுல சீக்கிரம் தளரும்.

2. செமி மெட்டாலிக்: இரும்பு, செம்பு மாதிரி உலோகங்கள் கணிசமா கலந்தது. சூட்டை நல்லாத் தாங்கும். கொஞ்சம் கீச்சுச் சத்தம், கருப்புத் தூசி, டிஸ்க் தேய்மானம் இருக்கும்.

3. செராமிக்: தூசியும் சத்தமும் குறைவு, விலை அதிகம். பலர் நினைக்கிற மாதிரி 'செராமிக்'னா தானாவே 'பலமான பிரேக்'னு அர்த்தம் இல்லை. சக்கரம் சுத்தமா, சத்தமில்லாம இருக்கும்கிறதுதான் இதோட முக்கியமான லாபம்.

ரேஸ் டிராக்குக்குச் செய்த பேட்களும் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க. அதெல்லாம் நல்லா சூடானாத்தான் பிடிக்கும். காலையில வண்டி எடுத்ததும் வர்ற முதல் சிக்னல்ல சாதா பேடை விடக் குறைவாப் பிடிக்கலாம்.

புதுச்சேரியில விலை குறையுமா?

பெட்ரோல் இங்க விலை குறைவுங்கிறதால கடலூர், விழுப்புரம் நண்பர்கள் ஸ்பேர் பார்ட்ஸும் இங்க மலிவா இருக்கும்னு நினைக்கிறாங்க. பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள்ள வரலை, அதனால மாநில வரி மாறுது, விலையும் மாறுது. பிரேக் பேட் ஜி.எஸ்.டி.க்குள்ள இருக்கு. புதுச்சேரியிலயும் தமிழ்நாட்டுலயும் ஒரே வரிதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து வாகன உதிரி பாகங்களுக்கு அந்த வரி 28%-ல இருந்து 18% ஆயிடுச்சு. வரிக்கு முன்னாடி 2,000 ரூபாய் உள்ள பேட் முன்பு 2,560, இப்போ 2,360. பழைய ஸ்டாக்குக்குப் பழைய விலை சொன்னா, பில்லுல எத்தனை சதவீதம் போட்டிருக்காங்கன்னு பாருங்க.

காசை எங்க போடணும்?

ஒரு உதாரணம். சாதா பேட் செட் 2,000 ரூபாய், மேம்பட்ட பேட் 4,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். ரெண்டுமே 40,000 கி.மீ. ஓடுதுன்னா, ஒரு கி.மீ.க்கு 5 காசும் 11 காசும் ஆகும். வித்தியாசம் சின்னதா தெரியும். ஆனா கையில இருக்குற அந்த 2,500 ரூபாய்க்கு இன்னும் நல்ல வேலை இருக்கு. என்னோட வரிசை இதுதான்:

முதல்ல டயர். பட்டன் தேஞ்சு பள்ளம் 1.6 மி.மீ.க்கு இறங்கினா மாத்தியே ஆகணும். ஐப்பசி, கார்த்திகை மழையில தேஞ்ச டயரை எந்த பேடும் காப்பாத்தாது.

ரெண்டாவது பிரேக் ஆயில். இது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற திரவம். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கும். ஈரம் ஏறின நிலையில தரப்படி அது 155 டிகிரி. கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அப்போ 10,000 ரூபாய் பேட் போட்டிருந்தாலும் வீண். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. கடலோர ஊர்ல இதைத் தள்ளிப் போடாதீங்க.

மூணாவது காலிப்பர் சர்வீஸ். உப்புக் காத்துல ஸ்லைட் பின் துருப்பிடிச்சு இறுகிடும். ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சுத்தம் பண்ணி, அதுக்குரிய கிரீஸ் வெச்சாலே பல வண்டிகள்ல பழைய பிரேக் திரும்பக் கிடைச்சிடும்.

இந்த மூணும் சரியா இருந்தா, அப்புறம் பேடை 'அப்கிரேட்' பண்றதைப் பத்தி யோசிக்கலாம்.

வாங்கும்போது கவனிங்க

- பேட் 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாத்திடுங்க. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாத்தாதீங்க, ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தணும்.
- பேட்ல 'எஃப் எஃப்', 'ஜி எஃப்' மாதிரி ரெண்டு எழுத்து இருந்தா, முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல உள்ள உராய்வு, ரெண்டாவது அதிகச் சூட்டுல உள்ள உராய்வு. 'எஃப்'னா 0.35 முதல் 0.45 வரை. ரெண்டாவது எழுத்து 'ஈ'-க்கு இறங்கியிருந்தா சூட்டுல பிடிப்பு குறையும்னு அர்த்தம். இது தரத்துக்கான மார்க் இல்லை, உராய்வு அளவு மட்டும்தான்.
- ஐரோப்பாவின் ஆர்90 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பேடோட செயல்திறன், ஒரிஜினல் பேடுக்குப் பக்கத்துல இருக்கணும். அந்தக் குறி இருந்தா நல்ல அடையாளம்.
- கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகம் கொடுக்குறவங்க கடைகள்லயும் விக்கிறாங்க. 1962-ல சென்னை பாடியில தொடங்கின பிரேக்ஸ் இந்தியா, நம்ம புதுச்சேரியிலயும் ஆலை வெச்ச ரானே எல்லாம் இந்த வரிசைதான். போலி நிறைய உலாவுது. அதனால ஜி.எஸ்.டி. பில் இல்லாம வாங்காதீங்க.
- புது பேட் டிஸ்க்கோட பொருந்த முதல் 200, 300 கி.மீ. மிதமா ஓட்டுங்க.

இன்சூரன்ஸ், வாரண்டி

பேட் தேய்மானப் பொருள். சாதாரணத் தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசியில கிளைம் கிடையாது. அதே அளவு பேட் மாத்துறது ஒரு பிரச்சினை இல்லை. பெரிய டிஸ்க், வேற காலிப்பர்னு போனா அது வண்டி மாற்றம். பாலிசி கம்பெனிக்கு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. வாரண்டிக்குள்ள இருக்குற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு போடுங்க.

முடிவா என்ன செய்யலாம்?

டவுன், ஈ.சி.ஆர்., எப்பவாவது சென்னை. இதுதான் உங்க ஓட்டம்னா, தரமான சாதா பேடே போதும். மிச்சக் காசை டயருக்கும் பிரேக் ஆயிலுக்கும் கொடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஏற்காடோ 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையோ ஏறுறீங்க, வண்டியில எப்பவும் 5 பேரும் லக்கேஜும் இருக்குன்னா, நல்ல செமி மெட்டாலிக்குக்குக் கூடுதலா கொடுக்குறது நியாயமான செலவு. சத்தமும் தூசியும் மட்டும்தான் தொல்லைன்னா செராமிக் வாங்கலாம். ஆனா அதை வசதிக்கான செலவுன்னு எழுதி வைங்க, பாதுகாப்புக் கணக்குல எழுதாதீங்க. மலை இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்த சர்வீஸ்ல மெக்கானிக்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "பிரேக் ஆயில் எப்போ மாத்தினது? பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறங்க.