வாயிலிலே ஒரு பழி

சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை மாலை, ஐந்தாந் தரத்திற் பயிலும் எமது மகளை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாண நகருக்குச் சென்றோம். அவளுக்கு ஒரு சட்டையும் இல்லாளுக்கு ஒரு நூற்சேலையும் வாங்குவது நோக்கம். பொங்கற்காலத்து நெரிசலைப் பற்றி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பானையும் கரும்பும் வீதியோரத்தை அடைத்துக்கொள்ள, புடைவைக் கடைகளுக்குள்ளே நுழைவதற்கே காத்து நிற்க வேண்டியிருந்தது.

பெரிய கடையொன்றிலே (அதன் பெயர் இங்கு வேண்டாம்) பொருள்களை எடுத்து, பணத்தைச் செலுத்தி, சிட்டையையும் பெற்றுக்கொண்டு புறப்பட்டோம். அக்கடையிலே உட்செல்லும் வழி வேறு, வெளியேறும் வழி வேறு. வெளியேறும் வாயிலின் இரு மருங்கிலும் மார்பளவு உயரத்தில் வெண்ணிறச் சட்டங்கள் இரண்டு நிற்கும். அவற்றைத் தாண்டிய கணத்திலே, கீச்சென்று ஓர் ஒலி எழுந்தது.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ. பையைத் திறந்து காட்டுங்கோ” என்றார் வாயிற்காவலர். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர். அவரைக் குறை கூற எமக்கு மனமில்லை. பையை நாமே திறந்து கொடுத்தோம். சேலையும் சட்டையும் சட்டங்களுக்கிடையே கொண்டுபோகப்பட்டன, ஒலியில்லை. வெறும் பையும் அவ்வாறே சென்றது, ஒலியில்லை. அதிலிருந்த விடைத்தாட் கட்டு, குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, கோவிலில் வாங்கிய விபூதிச் சரை ஆகிய யாவும் வாயிலருகே கிடந்த மேசைமேற் பரப்பப்பட்டன. விபூதிச் சரையை ஒருவர் பிரித்து முகர்ந்தும் பார்த்தார். அஃது ஏனென்று இன்றுவரை எமக்கு விளங்கவில்லை.

பின்னர் எம்மையே நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். ஒலி எழுந்தது.

அப்போது உள்ளிருந்து வந்த மேற்பார்வையாளர், “உள்ளுக்கு என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டார். உரத்த குரலிலேதான் கேட்டார். வெளியேற வழியின்றி எமக்குப் பின்னால் நின்றவர்கள் முப்பது பேருக்குக் குறையார். அவர்களுள் ஒரு தாய் தம் பிள்ளையைத் தம் பக்கமாக இழுத்துக்கொண்டதை நாம் கண்டோம். கைகளை உயர்த்தச் சொல்லி இடுப்பைத் தடவினார்கள். “அப்பா, நாங்கள் காசு குடுத்துத்தானே எடுத்தனாங்கள்?” என்றாள் மகள். சிட்டை அவளுடைய கையிலேதான் இருந்தது. அதை எவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

குற்றவாளி எமது சேட்டு. முந்திய வாரம் கொழும்பிலே வாங்கி, அன்றுதான் முதன்முறையாக அணிந்திருந்தோம். அதன் பக்கத் தையலினுள்ளே சிறு துணிப்பட்டியொன்று. அப்பட்டிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு. கொழும்புக் கடையிலே காசு பெற்றவர் அதைச் செயலிழக்கச் செய்ய மறந்துவிட்டார்.

இந்தச் சூழ்ச்சியின் இயல்பைப் பௌதிகம் படிப்பிக்கும் நாம் சிறிது கூறுதல் பொருந்தும். அத்தகட்டிலே இருப்பது ஒரு கம்பிச் சுருளும் ஒரு கொள்ளளவியும். வாயிலில் நிற்கும் சட்டங்கள் வானொலி அலைகளைப் பரப்புகின்றன. இவ்வகைப் பட்டிகளிற் பெரும்பாலும் வழங்குவது 8.2 மெகாஹேட்ஸ் மீடிறன். சுருளும் கொள்ளளவியும் அம்மீடிறனுக்கே பரிவுறுமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஊஞ்சலை அதன் வேகத்துக்கு இசையத் தள்ளினால் அது மேன்மேல் உயர்வது போன்றதே இதுவும். பொருளை விற்கும்போது வலிய புலமொன்றைச் செலுத்திக் கொள்ளளவியைப் பழுதாக்கிவிட்டால் பட்டி ஊமையாகிவிடும். மறந்தால், அஃது எந்த ஊரில், எந்தக் கடையில் அதே வகைச் சட்டங்களைக் கண்டாலும் குரல் கொடுக்கும். ஆகவே அந்த ஒலியின் பொருள் “இங்கே ஒரு சுருள் இருக்கிறது” என்பது மட்டுமே. இது களவுப் பொருள் என்ற செய்தி எந்த அலையிலும் வருவதில்லை. அதைச் சேர்த்துக்கொள்பவர் வாயிலில் நிற்கும் மனிதர்.

கதையைத் தொடர்வோம். பட்டியைக் கண்டுபிடிக்குமுன்பே எமக்கு விடுதலை கிடைத்துவிட்டது. கூட்டத்தைக் கண்டு வந்த முகாமையாளர் எம் முகத்தைப் பார்த்ததும், “மாஸ்டர்! நீங்களோ? என்ர தம்பி உங்களிட்டத்தான் படிச்சவன்” என்று பதறினார். கணப்பொழுதிலே யாவும் மாறின. “ஒளிச்சு வைச்சிருக்கிறியள்” என்ற வாய் “இருங்கோ சேர்” என்றது. அலுவலக அறைக்கு அழைத்துச் சென்றார்கள், குளிர்பானம் வந்தது, மகளுக்கு இனிப்புப் பெட்டியொன்று வந்தது. கதவைச் சாத்திவிட்டு முகாமையாளர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். சேட்டின் பட்டியைக் கத்தரித்துத் தந்தார். பிறகு, கூட்டத்தைத் தவிர்க்கலாமென்று பின்கதவால் எம்மை அனுப்பிவைத்தார். அதுவும் மரியாதை என்றே அப்போது எண்ணிக்கொண்டோம்.

சட்டத்தரணியாகிய நண்பரொருவரிடம் இதைக் கூறியபோது அவர் சில விடயங்களை விளக்கினார். இந்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டிலிருந்து வருவது. அதன்படி நேர்மையற்ற எண்ணம் இல்லாதவிடத்துக் களவு என்னும் குற்றம் இல்லை. பொலிசார் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடித்துவைப்பதற்கும் எல்லையுண்டு. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் தம் கண்முன்னே நிகழ்ந்தால் அவர் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைத்தும் ஆகவேண்டும். பெண்ணொருவரைச் சோதனையிட வேண்டின் பெண்ணே சோதனையிட வேண்டும். அவதூற்றைக் குற்றமாகக் கொண்ட பிரிவு 2002 இல் நீக்கப்பட்டபோதிலும், மானக்கேட்டுக்கு உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே நட்டஈடு கோரி வழக்குத் தொடர இடமுண்டு. “வழக்குப் போடுவமோ மாஸ்டர்?” என்று நண்பர் சிரித்தார். எமக்கு அதில் நாட்டமில்லை. குடும்பத்தலைவர்கள் இவற்றை அறிந்திருத்தல் நன்று என்பதனாலேயே எழுதினோம்.

எம்மை உறுத்தியது வேறொன்று. மாஸ்டர் என்று ஒருவர் அடையாளங் காணாதிருந்தால் என்னவாகியிருக்கும்? தோட்டப்பகுதியிலிருந்து கூலிவேலைக்கு வந்த ஒருவர், மொழி தெரியாத ஊரில் நிற்கும் ஒருவர், அழுக்கேறிய சாரத்துடன் வந்த ஒருவர் அந்தச் சட்டங்களுக்கிடையே நின்றிருந்தால்? 2023 ஆம் ஆண்டு மே மாதத்திலே, களவு முறைப்பாடொன்றின் பேரில் வெலிக்கடைப் பொலிசார் கொண்டுசென்ற பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண்ணொருவர் காவலில் இருக்கும்போதே உயிரிழந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். எமக்கு நேர்ந்ததை அதனோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் அச்செய்தி அன்றிரவு மீண்டும் மீண்டும் நினைவில் எழுந்தது.

மதுரையிலே கோவலனுக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ? கையிலே இருந்தது தன் மனைவியின் சிலம்பு. புகாரிலே அவன் பெருவணிகன் மகன். மதுரையிலே அவனை அறிந்தோர் அரசவையில் ஒருவருமில்லை. பொற்கொல்லன் சொன்ன சொல்லே போதுமானதாயிற்று. சிலப்பதிகாரம் எமது பாடமன்று, தமிழாசிரியர் மன்னிப்பாராக. எனினும் வற்றாப்பளையிலும், மட்டக்களப்புப் பகுதிக் கோவில்களிலும் கண்ணகியை வழிபட்டு, வைகாசிச் சடங்கிலே கண்ணகி வழக்குரையைப் பாடக் கேட்கும் நாட்டவர் நாம். சிங்கள மக்களும் பத்தினி தெய்யோ என்று அவளையே வணங்குகின்றனர். அக்கதையிலே பாண்டியனைப் பற்றி நாம் இதுவரை கருதாதிருந்த ஒன்று இப்போது புலப்படுகிறது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் கண்ணகியை உள்ளறைக்கு அழைத்துச் செல்லவில்லை. பலரும் காணச் செய்த பிழையைப் பலரும் கேட்கவே ஒப்புக்கொண்டு, அரசிருக்கையிலிருந்து வீழ்ந்தான்.

இச்சிந்தனை எமக்குத் தானாக வந்ததன்று. அன்றிரவு உறங்கப் போகுமுன் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த வாசல்ல நிண்ட ஆக்களுக்கு நாங்கள் எடுக்கேல்லை எண்டு ஆர் சொல்லுவினம்?”

எமக்கு மறுமொழி வரவில்லை. அவள் உறங்கிவிட்டாள். நாம் உறங்கவில்லை. ஏனெனில் அக்கேள்வி எமது பத்தொன்பது ஆண்டுக் கடனொன்றைத் தட்டி எழுப்பிவிட்டது.

2006 ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஆசிரியப் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டிலே அரிசிக்கும் சீனிக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். பள்ளிப் பொருள்களும் அருமையாகிவிட்டன. அப்போது ஒன்பதாந் தரத்து மாணவனொருவனுடைய கொம்பாசுப் பெட்டி காணாமற்போயிற்று. கொழும்பிலிருந்து மாமனார் அனுப்பிய பெட்டி. வகுப்பிலே பலரும் எடுத்துப் பார்த்து ஆசைப்பட்டது. வகுப்பில் நாற்பது பேர். நாம் ஒருவனுடைய பையை மட்டுமே கவிழ்த்துப் பார்த்தோம். அவன் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. தோளிலே தையல் விட்ட வெள்ளைச் சேட்டு. அவனைத் தெரிவுசெய்ததற்கு வேறு காரணம் ஏதும் எம்மிடம் இருக்கவில்லை. பையிலே இரண்டு கொப்பிகளும், கடதாசியிற் சுற்றிய பாணும் இருந்தன. அவன் அழவில்லை. பாணை மட்டும் விரைவாக எடுத்து மறைத்துக்கொண்டான்.

மறுநாள் பெட்டி ஆய்வுகூடத்திலே கிடைத்தது. உரியவனே அங்கு மறந்து வைத்திருக்கிறான். நாம் அந்தப் பையனை விறாந்தைக்கு அழைத்து, “சரி தம்பி, மனசிலை வைச்சிராதை” என்று மெல்லச் சொன்னோம். வகுப்பிலே அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஆசிரியரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணினோம் போலும். எமது விறாந்தையும் அந்த முகாமையாளரின் அறையும் ஒன்றே.

அந்த வகுப்பை இனி எங்கே கூட்டுவது? பாதிப்பேர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். சிலர் இல்லை. எனினும் அவர் சுன்னாகத்திலே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பதாக முன்னரே கேள்விப்பட்டிருந்தோம். பொங்கல் கழிந்த மறுவாரம், மகளையும் கூட்டிக்கொண்டு சென்றோம். கடையிலே நான்கைந்து பேர் நின்றார்கள். ஆட்கள் போகட்டும் என்று ஒரு மனம் சொல்லிற்று. நிற்கும்போதே சொல்லிவிட்டோம்: இவர் பள்ளியிற் படிக்கும்போது இவரைக் களவெடுத்தவர் என்று வகுப்பின் முன் நாம் சோதித்தோம், இவர் எடுக்கவில்லை, பிழை எம்முடையது என்று. குரல் சற்றுத் தழுதழுத்தது. நின்றவர்கள் எம்மை விநோதமாகப் பார்த்தார்கள். ஒருவர் தம் சைக்கிளின் மணியைத் தடவிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார்.

அவர் கையிலிருந்த திறப்பைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கையைத் துணியிலே துடைத்தார். “விடுங்கோ சேர். அது எப்பவோ முடிஞ்ச கதை. எனக்கு ஞாபகமுமில்லை” என்றார். எம் மகளுக்கு அமர ஒரு வாங்கை இழுத்துப் போட்டார். பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வருவித்தார். ஊர்க்கதை சிறிது பேசினோம்.

விடைபெறும்போது வாயில்வரை வந்தார். “அது நீலப் பெட்டி சேர்” என்றார். “மூடியிலை ஒரு கப்பல் படம்.”

எமக்கோ அந்தப் பெட்டியின் நிறங்கூட நினைவில் இல்லை.