சங்கத் தேர்தலில் வாக்கு கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது?

கேமரன் மலையில் ஒரே வீட்டுக்குள் இரண்டு விதச் சம்பளம் வருவதுண்டு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பார். மகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருப்பார், அல்லது மகன் தானா ராத்தா மருத்துவமனையில் வேலை செய்வார். தேர்தல் வந்தால் இரு தரப்பிடமும் வாக்கு கேட்டு ஆள் வரும். அரசு வேலையில் இருப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் சங்கம் போலத்தானே என் சங்கமும்?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பல தோட்டச் சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் முதல் பொதுச்செயலாளர் பி.பி. நாராயணன். தோட்டச் சங்கத்தின் தலைவர்கள் முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் (சம்பளம், விடுப்பு முதலியவற்றை இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடும் உடன்பாடு) போட முடியும். முதலாளி அதை மீறினால் தொழில் நீதிமன்றம் வரை போகலாம்.

உங்கள் சங்கத் தலைவருக்கு அந்த வழி இல்லை. 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தில் கூட்டு ஒப்பந்தம் பற்றிய பகுதி அரசு ஊழியருக்குப் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது.

அப்படியானால் என் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

அரசாங்கம்தான். சங்கங்கள் தேசியக் கூட்டு மன்றத்தில் (அரசுத் தரப்பும் ஊழியர் தரப்பும் உட்கார்ந்து பேசும் அவை) கேட்கலாம், வற்புறுத்தலாம். கடைசி வார்த்தை அவர்களுடையது அல்ல. பெரும்பாலான அரசு ஊழியருக்கு 2024 டிசம்பர் 1 முதல் 8 விழுக்காடும் 2026 ஜனவரி 1 முதல் 7 விழுக்காடும் கிடைத்த உயர்வை நினைத்துப் பாருங்கள். அதை அறிவித்தவர் பிரதமர். கியூபெக்ஸ் (அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) பல காலம் கேட்டு வந்தது உண்மை. ஆனால் "அந்த 15 விழுக்காட்டை நான்தான் வாங்கித் தந்தேன்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால், சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பிறகு எதற்கு வாக்கு?

சம்பளத்துக்கு வெளியே நிறைய இருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் கூட்டு மன்றம் ஒன்று உண்டு. குடியிருப்பு ஒழுகுவது, பணி நேரப் பட்டியல், ஓய்வறை போன்றவற்றை ஊழியர் தரப்பு அங்கே எழுப்பலாம். தனி ஒருவரின் பிரச்சினை அங்கே எடுபடாது. உங்கள் இடமாற்ற விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தாலோ, ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தாலோ, சங்கம் உங்களுக்காக எழுத வேண்டும், கேட்க வேண்டும். இருபத்தொரு நாளில் பதில் கொடுக்கச் சொல்லும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, கிளைச் செயலாளர் போனை எடுப்பாரா மாட்டாரா என்பதுதான் பெரிய விஷயம். அதனால் வேட்பாளரிடம், "கடந்த தவணையில் எத்தனை உறுப்பினருக்காகக் கடிதம் எழுதினீர்கள், என்ன ஆனது?" என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் முடிவும் போதும்.

கேமரன் மலைக்காரர் தனியாகக் கேட்க வேண்டியது எது?

தூரம். நாம் இருப்பது பகாங்கில், அதன் தலைநகரம் குவாந்தான். ஆனால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குவதுதான் நமக்கு எளிது. குவாந்தானில் கூட்டம் என்றால் போய் வருவதிலேயே நாள் கழிந்துவிடும். மாநிலக் கிளை உள்ள சங்கமாக இருந்தால், கூட்டத்தை ஒரு முறையாவது மலையில் வைப்பாரா, பயணச் செலவை யார் கொடுப்பது என்று வேட்பாளரிடம் கேளுங்கள். சுங்கை பாலாஸ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வேலை செய்யும் ஆசிரியைக்கு, இந்தப் பதில் பெரிய பேச்சுகளைவிட மேல்.

கியூபெக்ஸ் தலைவருக்கும் நான் வாக்களிக்கலாமா?

நேரடியாக முடியாது. அது சங்கங்களின் கூட்டமைப்பு. உங்கள் சங்கம் அனுப்பும் பேராளர்கள்தான் அங்கே வாக்களிப்பார்கள். ஆகவே பேராளர் யார் என்பதிலும் கண் வையுங்கள்.

நானே நின்றால்?

நில்லுங்கள், ஆனால் முதலில் தகுதியைப் பாருங்கள். 1959-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் திவாலானவரையும், அரசியல் கட்சியில் பதவி வகிப்பவரையும் நெடுங்காலமாகச் சங்கப் பொறுப்புக்கு அனுமதித்ததில்லை. கட்சிக் கிளையில் ஏதாவது பொறுப்பு வைத்திருப்பவர் நம் ஊரில் அநேகர். சட்டம் அண்மையில் திருத்தப்பட்டு 2024 செப்டம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் பழைய கையேட்டை நம்பாமல் தொழிற்சங்க விவகாரத் துறையில் கேட்டுவிட்டு மனுவில் கையெழுத்திடுங்கள்.

பிரச்சாரத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் 1993, அனுமதியின்றி அரசுக் கொள்கை பற்றிப் பொது அறிக்கை விடுவதைத் தடுக்கின்றன. உறுப்பினர் கூட்டத்தில் பேசுவதற்கும் ஃபேஸ்புக்கில் அமைச்சைத் திட்டுவதற்கும் வித்தியாசம் பெரிது. அலுவலக அச்சுப்பொறியில் துண்டறிக்கை அடிப்பதும் வேண்டாம். காகிதம் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

பணம் எங்கே போகிறது?

சங்கங்கள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைத் தொழிற்சங்கத் தலைமை இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். உறுப்பினர் என்ற முறையில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. "காட்டுங்கள்" என்று கேட்டதும் ஒரு வேட்பாளரின் முகம் சுருங்கினால் அதுவே ஒரு தகவல். பதவியில் இருப்பவர்தான் மீண்டும் நிற்கிறார் என்றால் இந்தக் கேள்வியைத் தவற விடாதீர்கள்.

வாக்கு இரகசிய வாக்குதான், சட்டமே அப்படிச் சொல்கிறது. "யாருக்குப் போட்டாய்?" என்று மேலதிகாரி கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து அங்காசா (சம்பளத்தில் பிடித்தம் செய்யும் அமைப்பு) வழியாகச் சங்கச் சந்தா பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் வாக்குரிமை போகுமா, வேட்புமனு எப்போது என்பதெல்லாம் உங்கள் சங்க விதிநூலில் இருக்கும். அதன் பிரதி ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.