தொடர்கதையை எங்கே போடலாம், டீச்சர்?

போன வருடம் படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். பதினோரு அத்தியாயத் திகில் தொடர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், 1948, ராத்திரியில் பால்மரக் காட்டுக்குள் கேட்கும் சைக்கிள் மணி. அந்த வருடம் ஜூன் 16ஆம் தேதி அங்கே தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்ததும் பாட்டி வழியாக வீட்டில் வழங்கும் கதையாம். "இதை எங்கே டீச்சர் போடலாம்?"

முன்பென்றால், ஞாயிறு பதிப்புக்கு அனுப்பு என்று சொல்லியிருப்போம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போதுள்ள ஏடுகளில் ஒரு மாணவிக்குப் பதினோரு வாரம் இடம் கிடைக்குமா? கஷ்டம்தான். அதனால் கைப்பேசியில் இருக்கிற தளங்களைப் பார்க்க வேண்டியதாயிற்று.

வாட்பேட் 2006இல் கனடாவில் தொடங்கியது. 13 வயது ஆனவர்கள் கணக்குத் திறக்கலாம். அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றலாம், பத்திக்குப் பத்தி வாசகர் கருத்து எழுதலாம். எந்த இடத்தில் பயந்தார்கள் என்று தெரிவது திகில் எழுதுபவருக்கு எவ்வளவு பெரிய உதவி! நம் மாணவர்கள் பலர் மலாய்க் கதைகளை அங்கேதான் படிக்கிறார்கள். தமிழ் வாசகர்தான் குறைவு.

தமிழ் வாசகர் வேண்டுமென்றால் பிரதிலிபி. 2014இல் பெங்களூரில் தொடங்கிய, இந்திய மொழிகளுக்கான தளம். காதல், குடும்பம், திகில் தொடர்களுக்குக் கூட்டம் அதிகம். வயது விதியைப் பெற்றோரோடு உட்கார்ந்து படித்துவிட்டுச் சேருவது நல்லது. வாசகர் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் நம் தோட்டத்துச் சொற்களை மாற்றிவிடத் தோன்றும். மாற்றாதே என்றேன்.

கிண்டில், முடிந்த கதையைப் புத்தகமாக்க ஏற்றது. கணக்கு பெரியவர் பெயரில்தான் திறக்க வேண்டும். அதில் 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அதே கதை வேறெங்கும் மின்வடிவில் இருக்கக்கூடாது. ஏற்கெனவே தளத்தில் ஏற்றியதைக்கூட எடுத்துவிட வேண்டும்.

இனி நான் பட்ட பாடு. முன்பு ஒரு மாணவன் நாவல் முழுவதையும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டான். பிறகு போட்டிக்கு அனுப்பினான். "எங்கும் வெளிவராத படைப்பு" என்ற விதியில் அடிபட்டுப் போனது. இணையத்தில் போட்டாலும் அது வெளியீடுதான். முன்கூட்டியே அதைச் சொல்லாதது என் தப்பு. இப்போதெல்லாம் முதல் கேள்வியே, "போட்டிக்கு அனுப்புற எண்ணம் இருக்கா?" இருந்தால் அந்தக் கதை வீட்டிலேயே இருக்கட்டும்; ஏற்றுவதற்கு வேறொன்று எழுதலாம்.

உரிமையையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கதை எழுதியவருக்கே சொந்தம். தளத்துக்கு நாம் கொடுப்பது வெளியிடும் அனுமதி மட்டும். பணம் தருகிறோம், எங்களிடம் மட்டுமே கொடு என்று யாராவது கேட்டால் பெற்றோர் பார்க்காமல் ஒத்துக்கொள்ளக்கூடாது. நேராகச் செயலியிலேயே தட்டச்சு செய்யாமல் கூகுள் டாக்ஸில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புனைபெயர் போதும், பள்ளிப் பெயரும் படமும் வேண்டாம்.

அவள் வாட்பேட்டைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளிக்கிழமை இரவில் ஏற்றுகிறாள். நான்காம் அத்தியாயத்தில் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், "பெரட்டுன்னா என்னங்க?" என்று கேட்டிருந்தார். பாட்டியிடம் கேட்டு, விடியலில் தோட்டத்தில் ஆள் எண்ணுவதைப் பற்றி ஒரு பத்தி நீளத்துக்குப் பதில் எழுதியிருக்கிறாள். கதையைவிட அதற்குத்தான் கருத்துகள் அதிகம்.