வேலைக்காக ஓடிய கிலோமீட்டர்: வரிக் கழிவுக்குக் கணக்கு வைப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் வரி ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ஜூலையில் டேக்ஸ் ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான், வேலைக்காகக் காரை எவ்வளவு ஓட்டினோம் என்று பலரும் யோசிக்கிறார்கள். பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை எங்கெங்கே போனோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டால், வரி அலுவலகம் கேட்கும்போது திண்டாட வேண்டும். பயந்துபோய் விட்டுவிட்டால், உழைத்த பணத்தில் ஒரு பகுதி கையை விட்டுப் போகும். ஓட்டிய அன்றே எழுதி வைத்தால் இந்தச் சங்கடம் இல்லை.

எது வேலைப் பயணம்?

வீட்டிலிருந்து வேலைக்குப் போவதும், வேலை முடிந்து வீடு திரும்புவதும் பொதுவாகச் சொந்தப் பயணம். எவ்வளவு தூரமானாலும், இரவுப் பணியானாலும், பஸ் போகாத இடமானாலும் அதற்குக் கழிவு கிடையாது.

சிட்னியில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் வீட்டிலிருந்து பரமட்டாவில் உள்ள அலுவலகத்துக்குப் போகிறார். அங்கிருந்து டூங்காபியில் ஒரு நோயாளி, பிளாக்டவுனில் இன்னொருவர், மறுபடி அலுவலகம், மாலையில் வீடு. ஐந்து பயணங்களில் முதலாவதும் கடைசியும் சொந்தக் கணக்கு. நடுவில் உள்ள மூன்றும் வேலைக் கணக்கு. ஒரு வேலை முடிந்து நேராக இரண்டாவது வேலைக்குப் போனால் அதுவும் சேரும். வேலைக்குக் கட்டாயம் தேவைப்படும் கனமான கருவிகளை, பணியிடத்தில் பத்திரமாக வைக்க வழியில்லாமல் தினமும் சுமந்து போகிறவருக்கு வீட்டுப் பயணத்துக்கும் கழிவு கிடைக்கலாம்.

செலவை முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டால் அதைக் கோர முடியாது. காருக்கென்று படி கொடுத்தால், அதை வருமானத்தில் காட்டிவிட்டு உங்கள் கழிவைக் கோரலாம். கழிவைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: கிலோமீட்டருக்கு 88 சென்ட்

2024-25, 2025-26 வரி ஆண்டுகளுக்கான விகிதம் இது. ஒரு காருக்கு அதிகபட்சம் 5,000 கிலோமீட்டர், அதாவது 4,400 டாலர். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் அந்த 88 சென்ட்டுக்குள் அடக்கம். அவற்றைத் தனியாகக் கேட்க முடியாது. ரசீது தேவையில்லை. ஆனால் அந்தக் கிலோமீட்டர் எப்படி வந்தது என்று காட்டத் தெரிய வேண்டும். "எல்லோருக்கும் 5,000 உண்டு" என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஓட்டியதை மட்டுமே கோரலாம்.

இரண்டாம் வழி: லாக்புக்

தொடர்ந்து 12 வாரம், ஒவ்வொரு வேலைப் பயணத்துக்கும் தேதி, தொடக்க, முடிவு ஓடோமீட்டர் எண்கள், தூரம், காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் வெறுமனே "வேலை" என்று எழுதினால் பயனில்லை. "அலுவலகத்திலிருந்து டூங்காபி, நோயாளியைப் பார்க்க" என்று எழுதுங்கள். அந்த 12 வாரம் உங்கள் வழக்கமான ஓட்டத்தைக் காட்ட வேண்டும். நீண்ட விடுமுறை வரும் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

அந்த வாரங்களில் கார் மொத்தம் 3,000 கிலோமீட்டர் ஓடி, அதில் 1,800 வேலைக்காக என்றால், வேலைப் பங்கு 60 சதவீதம். பெட்ரோல், பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், சர்வீஸ், கார்க் கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவு 9,000 டாலர் என்றால் கழிவு 5,400 டாலர். முதல் வழியில் இதே ஆளுக்கு 4,400 டாலருக்கு மேல் கிடைக்காது. அதிகம் ஓட்டுகிறவருக்கு லாக்புக்கின் உழைப்பு வீண் போகாது. ஓட்டும் முறை பெரிதாக மாறாதவரை ஒரு லாக்புக் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். செலவு ரசீதுகளையும், ஆண்டின் முதல் நாள், கடைசி நாள் ஓடோமீட்டர் எண்களையும் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும்.

கழிவு முழுவதும் கைக்கு வராது

கழிவு என்பது வரி போடப்படும் வருமானத்திலிருந்து குறைவது. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 4,400 டாலர் கோரினால் வருமான வரி 1,320 டாலர் குறையும். வேலைப் பயணத்தில் கட்டிய டோல், பார்க்கிங் கட்டணங்களை எந்த வழியிலும் தனியாகக் கோரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுத ஒரு நோட்டு போதும். வரி அலுவலகத்தின் செயலியில் உள்ள மைடிடக்‌ஷன்ஸ் பகுதியிலும் பயணங்களைப் பதியலாம். எதில் எழுதினாலும், காரை நிறுத்தியதும், கதவைத் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். ஜூலை 1 அன்று வண்டியை எடுக்கும் முன் ஓடோமீட்டரை ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுக் கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.