குளிரைத் தாங்கும் பேட்டரி பட்டினியைத் தாங்காது

கனடாவில் அக்டோபர் மாத நன்றியறிதல் விடுமுறை முடிந்ததும் பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. குழாய்களில் தேங்கிய தண்ணீரை வடித்து, உறையாத திரவத்தை ஊற்றி, தார்ப்பாய் போர்த்திவிட்டு வீடு திரும்புவார்கள். ஏப்ரலில் வந்து சாவியைத் திருப்பினால் விளக்குகூட எரியாது. பழி குளிரின் மேல் விழும். ஆனால், பேட்டரியைக் கெடுப்பது சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதுதான்.

எது உறைகிறது?

ஈய அமில பேட்டரிக்குள் கந்தக அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும். சார்ஜ் முழுதாக இருந்தால் அமிலம் அடர்த்தியாக இருக்கும். அது உறைய மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போக வேண்டும். வின்னிபெக் நகரின் ஜனவரி இரவுகூட அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. சார்ஜ் குறையக் குறைய அமிலத்தின் சல்பேட் தகடுகளில் படிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர்தான். அடியோடு காலியான பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து, தகடுகள் வளைந்து, பெட்டி வெடித்துப் பிளக்கும். உறையாமல் தப்பினாலும் படிந்த சல்பேட் நாளடைவில் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

யாருமில்லாத வண்டியில் என்ன செலவு?

எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் கேஸ் கசிவைக் கண்டறியும் கருவி, ரேடியோவின் கடிகாரம், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தம் 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி போகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதியாகும், ஆறு வாரத்தில் காலியாகும். நவம்பர் தொடக்கத்தில் நிறுத்திய வண்டியின் பேட்டரி கிறிஸ்துமஸ் வருமுன்பே தீர்ந்துவிடும்.

மின் இணைப்பு இருந்தால்

மூன்று கட்டமாக இயங்கும் தானியங்கி சார்ஜரே நல்லது. பேட்டரி நிரம்பியதும் அது தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நின்றுகொள்ளும். பழைய வண்டிகளில் உள்ள சார்ஜர் ஒரே அழுத்தத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பதால் பேட்டரித் தண்ணீர் வற்றும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: எஞ்சினுக்கு ஒன்று, உள்விளக்குகளுக்கு ஒன்று என வண்டியில் இரண்டு பேட்டரி அமைப்புகள் உண்டு. பல வண்டிகளில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் உள்விளக்கு பேட்டரியை மட்டுமே சார்ஜ் செய்யும்.

இணைப்பு இல்லாவிட்டால்

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ் எனக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில கருவிகள் நேரடியாகவே பேட்டரியோடு இணைந்திருக்கும். கழற்றிய பேட்டரிக்குக் குளிர் நன்மையே செய்கிறது. தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் குறைகிறது. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மாதாந்திரச் சோதனையில் 12.4 ஆக இறங்கியிருந்தால் மறுபடி ஏற்றுங்கள். கூரையிலுள்ள சோலார் பேனலை மட்டும் நம்ப வேண்டாம். பனி மூடினால் அதனால் பயனில்லை.

லித்தியம் பேட்டரிக்கு விதி வேறு. பாதியளவு சார்ஜோடு இணைப்பைத் துண்டித்து வைக்கலாம். 0 டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்கள் பாழாகும்.

எந்த வகையானாலும், உறைந்துபோன பேட்டரியில் சார்ஜரை மாட்டாதீர்கள். அது வெடிக்கக்கூடும். பெட்டி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால், காப்பாற்றப் பார்க்காமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.