வலைப்பக்கமும் வேண்டா வெற்றிடமும்

எழுத்துக்களைப் போலவே எழுத்துக்களுக்கிடையே விடப்படும் வெளியும் பொருளுணர்ச்சிக்குக் கருவியாம் என்பதனைத் தமிழ் கற்பார் யாவரும் அறிவர். ‘பலகையில் இருந்தது’ என்பது ஒரு பொருள். ‘பல கையில் இருந்தது’ என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டினுள் ஓரெழுத்தேனும் மிகவில்லை, குறையவுமில்லை. ஒரு சிறு வெளியே பொருளை வேறாக்கிற்று. அத்தகைய வெளி, இக்காலத்து வலைப்பக்கங்களில் அவற்றை அமைப்போர் அறியாமலே நுழைந்து விளைக்கும் இடர்கள் இவை, அவற்றை நீக்கும் முறைகள் இவை என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பழைய ஓலைச் சுவடிகளில் இவ்விடர் இல்லை. வேறோர் இடர் இருந்தது. பெசன்ட் நகரில், 1943-ஆம் ஆண்டிலே தோன்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. அங்கே காக்கப்பெறும் ஏடுகளைப் போன்றவற்றில், சொற்களும் அடிகளும் இடையீடின்றித் தொடர்ந்து செல்லும்; மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எங்கே சொல் முடிகின்றது, எங்கே அடி முடிகின்றது என்பதனை இலக்கண அறிவும் யாப்பறிவும் கொண்டே துணிதல் வேண்டும். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரவர்கள் போன்ற பெரியோர், வெளி விடவேண்டிய இடத்தைத் துணிதற்கும் உழைத்தனர். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு அச்சான காலந்தொட்டு, ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்த அச்சகங்களில் வெற்றிடமும் ஒரு பொருளே ஆயிற்று. எழுத்து முகமில்லாத ஒரு துண்டினை அச்சுக்கோப்பவர் எடுத்து வைத்தாலன்றிச் சொற்களுக்கிடையே வெளி தோன்றாது. ஆகவே ஏட்டில் வெளியைத் துணிந்தவர் புலவர். அச்சில் அதனை வைத்தவர் தொழிலாளர். வலைப்பக்கத்திலோ, ஒருவரும் வையாமலே அது வந்து நிற்கின்றது.

அஃது எங்ஙனம் வருகின்றதெனின், கூறுவோம். ஒரு நிறுவனம் தன் பக்கங்களை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. எல்லாவற்றிற்கும் பொதுவான அச்சுப் போன்ற ஒன்றை அமைத்து, மாறும் பகுதிகளை மட்டும் நிரல் நிரப்புமாறு செய்கின்றது. இதனை வார்ப்புரு என்ப. ‘பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இதனைச் செய்க’, ‘இன்னது உண்டாயின் இதனைக் காட்டுக’ என்னும் கட்டளைகளும் அதனுள் இருக்கும். இவற்றை அமைப்போர் தம் கண்ணுக்குத் தெளிவாதற்பொருட்டு, ஒவ்வொரு கட்டளையையும் தனி வரியில், இடப்பக்கம் சிறிது உள்ளடக்கி எழுதுவர். நிரல் ஓடியபின் கட்டளை மறையும். அதன்முன் விட்ட வெளியும் பின் நின்ற வரிமுறிவும் மறையா. நூறு ஊர்களுக்கு அக்கட்டளை சுழன்றால் நூறு முறை அவ்வெளி பிறக்கும்.

இவ்வளவு வெளியும் நம் கண்ணிற் படாமைக்குக் காரணம் உண்டு. உலாவியானது இடைவெளி, தத்தல், வரிமுறிவு ஆகிய மூன்றையும் ஒன்றாகவே கருதி, எத்தனை தொடர்ந்து வரினும் அவற்றை ஒரே இடைவெளியாகச் சுருக்கிக் காட்டும். ஆதலின் ஆங்கிலப் பக்கங்களில் இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அம்மொழியில் இடத்தைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்பதாகலின், இடையே ஒரு வெளி இருத்தலே முறை. தமிழிலோ வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். வார்ப்புருவில் ஊர்ப்பெயர் ஒரு வரியிலும் ‘இல்’ என்பது அடுத்த வரியிலும் நிற்குமாயின், பக்கத்தில் ‘மயிலாப்பூர் இல்’ எனப் பிளவுபட்டுத் தோன்றும். ஊர்களை அடுக்கும்பொழுது காற்புள்ளி அடுத்த வரியில் நிற்பின், ‘மயிலாப்பூர் , தியாகராயநகர் , அடையாறு ,’ எனப் புள்ளிகள் பெயர்களை விட்டு விலகி, இறுதியிலும் ஒன்று வீணே நிற்கும்.

வெளியை நீக்கிவிட்டால் குறை தீருமோ எனின், முற்றும் தீராது. ‘மயிலாப்பூர்’ என்பதனோடு உருபை ஒட்டினால் ‘மயிலாப்பூரில்’ எனப் புணர்தற்கு எழுத்துக்களை அடுத்தடுத்து நிறுத்துதல் போதாது. ‘ர்’ என்னும் மெய்யின்மேல் உயிரேறி வேறெழுத்தாதல் வேண்டும். ‘அடையாறு’ என்பதோ ‘அடையாற்றில்’ என இரட்டித்து நிற்பது. இப்புணர்ச்சி விதிகளை வார்ப்புரு அறியாது. ஆதலின் உருபேற்ற வடிவத்தையும் தரவிலே தனியே எழுதிவைத்தல் ஒரு முறை. ‘இடம்: அடையாறு’ என உருபு வேண்டாத தொடரை அமைத்தல் மற்றொரு முறை. பின்னது எளிது, முன்னதே தமிழுக்கு அழகு.

செய்யுளில் நேரும் கேடு இதனினும் பெரிது. வெண்பாவுக்கு அடிவரையறையும் சீர்வரையறையும் உயிர் போல்வன. நாம் நான்கு வரியாக எழுதிய வெண்பாவைச் சாதாரண வார்ப்புருவில் இட்டால், உலாவி வரிமுறிவுகளை வெறும் இடைவெளிகளாக்கி, பாட்டினை உரைநடை போல ஓட்டிவிடும். தனிச்சொல் எது, ஈற்றடி எது என்று மாணவன் மயங்குவான். பலகாலம் முயன்று பெரியோர் பிரித்துத் தந்த அடிகளைப் பொறியானது ஒரு நொடியில் மீண்டும் ஏட்டு நிலைக்குக் கொண்டுசெல்கின்றது. இதற்கு மருந்து உண்டு. ‘ஒயிட்-ஸ்பேஸ்’ என்னும் பண்பிற்கு ‘பிரீ-லைன்’ என்னும் மதிப்பைத் தந்தால், மிகுந்த வெளிகள் சுருங்கும். வரிமுறிவுகள் மட்டும் நிலைக்கும். பாட்டிற்கு இதுவே பொருத்தம்.

கண்ணிற் படாத வெளியும் தீங்கற்றதன்று. ‘அடையாறு’ என்னும் பெயரின் இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு தரவில் சேர்ந்துவிட்டால், ஒப்புநோக்கும் நிரல் அதனை வேறொரு பெயராகவே கொள்ளக்கூடும். அப்பெயரைத் தேடுவார்க்கு நூல் இருந்தும் இல்லையென விடை வரும். அகலமே இல்லாத ஒருவகை வெளியும் உண்டு; அது சொல்லின் நடுவே புகுந்தால் எவர் கண்ணும் காணாது. பெயரைத் தரவில் ஏற்கும்பொழுதே இரு முனைகளையும் கத்தரித்து, வேண்டா வெளிகளைக் களைந்து வைத்தலே இதற்கு வழி.

வார்ப்புருவில் தோன்றும் வெளியை நீக்கவும் கருவிகள் உள. பைத்தான் மொழியோடு வழங்கும் ஜின்ஜாவில், கட்டளையின் தொடக்கக் குறியோடு ஒரு கழித்தற்குறியைச் சேர்த்தால் முன்னுள்ள வெற்றிடமும், முடிவுக் குறியோடு சேர்த்தால் பின்னுள்ள வெற்றிடமும் நீங்கும். ‘டிரிம் பிளாக்ஸ்’ என்னும் அமைப்பை இயக்கினால், கட்டளைக்கு அடுத்த வரிமுறிவு தானே அகலும். ‘எல்ஸ்டிரிப் பிளாக்ஸ்’ என்பது கட்டளைக்கு முன் வரித்தொடக்கத்தில் உள்ள வெளியை அகற்றும். பட்டியலைக் காற்புள்ளியால் இணைத்துத் தரும் வழியும் உண்டு. அதனால் இறுதியில் வீண்புள்ளி நில்லாது. ஆயினும் களைபறிப்பவன் பயிரையும் பறித்துவிடலாகாது. எல்லா வெளியையும் ஒருங்கே நீக்குவோர் பக்கத்தில் ‘தியாகராயநகர்அடையாறு’ என இரு பெயர்கள் ஒன்றாய் நிற்றலும் கூடும். ஆதலின் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்க: இவ்வெளி சொல்லைப் பிரிப்பதற்கு வேண்டுவதா? அடியைக் காட்டுவதற்கு வேண்டுவதா? எழுதினோன் கண்ணுக்கு மட்டும் வேண்டுவதா? முன்னைய இரண்டையும் காத்து, மூன்றாவதனைக் களைக.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2001-இல் தோன்றி இன்று கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு இயங்கும் நிறுவனத்தாரும் நம் நூல்களை மின்வடிவில் உலகிற்கு அளித்துவருகின்றனர். இனி வருங்காலத்தார் பலர் நம் இலக்கியங்களை இத்தகைய பக்கங்களிலேயே முதன்முதற் காண்பர். அங்கே பிளவுபட்ட சொல்லைக் காண்பவர் அதுவே தமிழ் எனக் கொள்வர். அடி குலைந்த பாட்டைக் காண்பவர் யாப்பின் இனிமையை உணரார். நிரல் எழுதுவோர்க்கு உருபின் இயல்பு தெரியாதிருக்கலாம். நம்மனோர்க்கு வார்ப்புருவின் இயல்பு தெரியாதிருக்கலாம். தமிழ் வகுப்பு மாணவரும் கணினி வகுப்பு மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு பக்கத்தைச் சேர்ந்து திருத்துவாராயின் அவ்விரு குறையும் நீங்கும். நம் கல்லூரியிலேயே அது தொடங்குதல் நன்று.