மேனியிற் புணரும் மருந்துகள்

இரு சொற்கள் புணருங்கால் சில இயல்பாய் நிற்கும், சில விகாரமெய்தும் என்பதும், அவ்விகாரந்தான் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பதும் நன்னூல் கற்கும் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. அவ்விதி இக்காலத்து நங்கையர் முகத்திலும் செல்லுகின்றது. நகைச்சுவை கருதிச் சொல்லிற்றன்று. உடப்புசல்லாவை, இராகலைப் பக்கத்துப் பெண்மக்கள் மருந்துக் கடையிலும் கைத்தொலைபேசி வாயிலாகவும் வாங்கும் பூச்சுக்களில், தனித்தனியே பயன் தருவன பல. ஓரிரவில் மூன்று நான்கினை மேன்மேலும் பூசும்போது என்ன நேரும் என்று கேட்பார்தாம் அரியர்.

பருவுக்கு இடும் பென்சோயில் பெரொட்சைட்டையும், கரும்படைக்கு இடும் ஹைட்ரோகுயினோனையும் ஒருங்கே பூசினால் முன்னில்லாத கபிலக் கறையொன்று தோலிற் படியும், இது தோன்றல். சில நாளில் நீங்குவதாதலின் பெருந்தீங்கன்று. அதே பென்சோயில் பெரொட்சைட்டை, விற்றமின் ஏ வழிவந்த ட்ரெட்டினோயினோடு சேர்த்தால், பின்னது சிதைந்து வலியிழக்கும். ஒளி பட்டால் இன்னும் விரைந்து சிதையும். இது கெடுதல். காசும் அதனுடன் கெடுகின்றது! மூன்றாவதே அஞ்சத்தக்கது. ட்ரெட்டினோயினையும் கிளைக்கோலிக் அமிலத்தையும் ஓரிரவிலே பூசுவோர்க்குத் தோல் எரிந்து சிவந்து உரியக்கூடும். நம்மவர் போன்ற கருநிற மேனியிலோ, அழற்சி தணிந்த இடம் கருத்துவிடும். கருமை போக்கப் பூசியது கருமையாய்த் திரிகின்றது.

எல்லாம் பகையென்று எண்ணற்க. நியாசினமைட்டும் விற்றமின் சியும் ஒன்றாகா என முன்னர்ச் சொல்லப்பட்டது. இக்காலப் பூச்சுக்களில் அவ்வச்சத்துக்கு இடமில்லை. ட்ரெட்டினோயினுக்கு உறவான அடாபலீன், பென்சோயில் பெரொட்சைட்டோடு கெடாது நிற்பதால், இரண்டும் ஒரே குழாயிற் கலந்தே விற்கப்படுகின்றன. இவை இயல்பு புணர்ச்சி.

இனி இடத்தையும் நோக்குதல் வேண்டும். ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் புறவூதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து மிகும். மலைக்குளிரில் வெயில் உறைப்பதில்லை. மெல்லிய முகிலும் அக்கதிரைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆடி, ஆவணியில் வீசும் வறட்காற்று இப்பக்கத்துத் தேயிலைக்கு மணமூட்டுவது. அக்காற்றே முகத்து ஈரத்தையும் உறிஞ்சுகின்றது. அமிலமும் ட்ரெட்டினோயினும் பூசிய தோல் வெயிலுக்கு மிகவும் எளியது. ஆதலின் வலிய மருந்து இரவுக்கே உரியது. அதுவும் ஓரிரவுக்கு ஒன்றே, தொடக்கத்தில் வாரத்துக்கு இருமுறை, பயறளவு, ஈரங்காக்கும் களிம்போடு. காலையில் மென்மையான கழுவல், விரும்பினால் விற்றமின் சி, பின்னர் 30க்குக் குறையாத காப்பளவுடைய வெயிற்காப்புப் பூச்சு. மலையில் நாள் முழுதும் நிற்பவர்க்கு அது வியர்வையிற் கரையும். இரண்டு மணிக்கொருமுறை மீளப் பூசுதற்குக் கொழுந்துக்கூடையோடு நிற்பவர்க்கு ஏது ஓய்வு? நெற்றிவரை இழுத்துக் கட்டிய தலைத்துணி அங்கே விலைமிக்க குப்பியினும் மேலானது. கருவுற்றோர் ட்ரெட்டினோயின், அடாபலீன் முதலியவற்றை அறவே விலக்குக.

‘வெள்ளையாக்கும்’ கலவைகளைப் பற்றியே எமக்குப் பெருங்கவலை. 1975 ஆம் ஆண்டில் கிளிக்மன், வில்லிஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், டெக்சாமெதசோன் மூன்றையும் அளவறிந்து கூட்டிக் கரும்படைக்கு மருந்து வகுத்தனர். அது வைத்தியர் கண்காணிப்பில், வரையறுத்த காலத்துக்கு இடுவது. பெயரற்ற டப்பிகளிலோ இவற்றினும் கடிய ஸ்டெரோயிட்டு சொல்லாமலே கலக்கப்படுகின்றது. முதல் வாரம் முகம் பளபளக்கும். திங்கள் சில சென்றால் தோல் மெலிந்து செந்நரம்பு தெரியும். நிறுத்தினால் முன்னையினும் சீறும். வேறு சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது நிறத்தை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் தாக்குவது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் ஜெனீவாவிற் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் அனைத்தும் 2025 உடன் ஒழிய வேண்டுமென முடிவு செய்தன. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் உள்ள நாடே.

மாந்தளிரின் நிறத்தை மாமை எனப் போற்றியதும், அது குன்றி வெளிறுதலைப் பசலை நோயென வருந்தியதும் சங்கப் புலவர் மரபு. அதனை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர், அம்மாணவியர் பையிலிருக்கும் டப்பியின் பெயரையும் ஒருகால் கேட்டறிதல் நன்று. லேபிளிற் சேர்மானம் எழுதப்படாதது எதுவாயினும் அன்றே நிறுத்தத்தக்கது. நெடுநாள் பூசியவராயின், நிறுத்தும் முறையை வைத்தியரிடமே கேட்க.